அர்த்தமில்லாத ஆறு சொற்கள்

எனக்கு முப்பத்தொன்பது வயது நடந்துகொண்டிருந்தபோது எங்கள் கல்லூரி நிர்வாகம் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. ஜூன் மாதத்துக்குள் முனைவர் பட்டம் வாங்காத ஆசிரியர்கள் வேலையில் தொடர முடியாது. உளவியல் துறையில் பட்டம் வாங்காமல் இருந்தது ஒரே ஓர் ஆள்தான். அந்தப் பெருமகன் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஏழு வருடமாக 'இதோ முடிக்கப்போகிறேன்' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். முதல் இரண்டு வருடம் எல்லோரும் நம்பினார்கள். அப்புறம் என் மாமனார்கூட விசாரிப்பதை விட்டுவிட்டார். உடுமலையிலிருந்து போன் செய்தால் தென்னையில் விழுந்த வெள்ளை ஈயைப் பற்றி மட்டும் பேசிவிட்டு வைத்துவிடுவார்.

என் ஆராய்ச்சி இதுதான். ஒரு மனிதனிடம் 'நீ சந்தோஷமாக இருக்கிறாயா?' என்று கேட்டால் அவன் உண்மை சொல்லமாட்டான். சொல்ல நினைத்தாலும் பல சமயம் அவனுக்கே தெரியாது. அதனால் உளவியல்காரர்கள் சுற்றி வளைத்துக் கேட்க ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அர்த்தமே இல்லாத ஆறு சொற்களைக் கொடுத்து, இவை புதிதாக உண்டாக்கிய ஒரு மொழியின் சொற்கள், இந்தச் சொல் எவ்வளவு மகிழ்ச்சியாக ஒலிக்கிறது, எவ்வளவு சோர்வாக ஒலிக்கிறது, ஒன்றிலிருந்து நான்குக்குள் வட்டம் போடு என்பார்கள். சொல்லுக்குள் ஒன்றும் கிடையாது. அதனால் வட்டம் போடுகிறவர் தன் மனதில் இருப்பதையே அதில் ஏற்றிவிடுவார். நாம் பின்வாசல் வழியாக உள்ளே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

இந்தச் சோதனையைப் பல மொழிக்காரர்கள் தங்கள் மொழிக்கு மாற்றிக்கொண்டார்கள். துருக்கி மொழியில் மாற்றிய கதையைச் சொல்லும் கட்டுரையை என் நெறியாளர் என்னிடம் நீட்டி, "இதையே பாத்து, படிப்படியா, தமிழுக்குச் செய்யப்பா. உன் சொந்த மூளையைப் போட்டுக் குழப்பாதே" என்றார். கோயம்புத்தூரில் பேராசிரியையாக இருந்த அந்த அம்மாள் ஓய்வு பெற ஒரு வருடம்தான் பாக்கி. நான் முடிக்காமல் அவர் ஓய்வு பெற்றுவிட்டால் என்னை ஏற்றுக்கொள்ள வேறு யாரும் முன்வரமாட்டார்கள் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

அர்த்தமில்லாத சொல் கண்டுபிடிப்பது என்ன பெரிய வேலை, நான் பேசுவதில் பாதி அப்படித்தானே என்று உட்கார்ந்தேன். மூன்று மாதம் போயிற்று. நாம் இருப்பதோ பனியன் கம்பெனிகளின் ஊரான திருப்பூர். நீங்கள் எந்த அர்த்தமும் இல்லாத ஒரு சொல்லைக் கண்டுபிடித்து, அதன் பின்னால் 'நிட்ஸ்' என்று சேர்த்துப் பாருங்கள். அந்தப் பெயரில் காங்கேயம் ரோட்டில் ஒரு கம்பெனி போர்டு மாட்டியிருக்கும். நான் நாள் முழுக்க மண்டையை உடைத்து ஒரு சொல் உண்டாக்கினேன். மறுநாள் குளித்துவிட்டு வந்தால் அது என் பனியன் பட்டையிலேயே அச்சாகியிருந்தது. கடைசியில் 'நெகுலா', 'தாசெப்பி', 'கிமோடு' என்று ஆறு சொல் தேறின. அவற்றைப் பெற்ற பிள்ளைகளைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சோதிக்க ஆட்கள் வேண்டும். என் கல்லூரித் தோழன் ஒருவன் ஒரு பெரிய ஏற்றுமதிக் கம்பெனியில் ஹெச்.ஆர். மேனேஜர். போய் நின்றேன். அவன் துருக்கிக் கதையைக் கேட்டதும் நிமிர்ந்தான்.

"ஏன்டா மாப்ள, ஏற்கெனவே துருக்கிக்காரன் நம்ம ஆர்டரையெல்லாம் தட்டிக்கிட்டுப் போறான். இப்ப அவன் எழுதுன பரீட்சைய நம்ம ஆளுங்க வேற எழுதோணுமா?"

"ஜூன்ல எனக்கு வேலை போயிரும்டா."

பழைய தோழன், இரக்கப்பட்டான். "டெய்லரைக் கேக்காத, லைன் நின்னு போயிரும். செக்கிங்ல முப்பது பொம்பளைங்களத் தாரேன். ஆனா ஒண்ணு, கம்பெனியப் பத்தி ஒரு வார்த்தை எழுதக் கூடாது" என்றான். எனக்குக் கம்பெனியைப் பற்றி என்ன அக்கறை? சரி சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

தைத்த துணியைச் சோதித்து, பிசிறு வெட்டி, பழுதிருந்தால் ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளுகிற பகுதிதான் செக்கிங். நீளமான மேசைகள், மேலே வெள்ளை டியூப்லைட்டுகள், இரண்டு பக்கமும் பெண்கள். முதல் சுற்றை அங்கேயே, அவர்கள் மேசைமேல் தாளை வைத்தே நடத்தினேன். சொற்களுக்குப் போகும் முன் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக நேரடிக் கேள்வியும் ஒன்று வைத்திருந்தேன்: 'இப்போது நீங்கள் எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறீர்கள்?' முப்பது பேரும் நான்கில் வட்டம் போட்டிருந்தார்கள். முப்பதுக்கு முப்பது! பேனா பிடித்த வேகம்கூட ஒன்றுபோல இருந்தது.

என்னடா இது, பூலோக சொர்க்கத்துக்குள் வந்துவிட்டோமா என்று திகைத்துப்போனேன். தோழன் சிரித்தான்.

"ஆடிட்டுனு நெனச்சிருப்பாங்க மாப்ள. நம்மகிட்டத் துணி வாங்கற வெளிநாட்டு பையர் ஆளனுப்பிக் கேப்பான் பாரு, தண்ணி கிடைக்குதா, திட்றாங்களா, சந்தோசமா இருக்கறீங்களான்னு. அதுக்கு என்ன சொல்லோணும்னு நாங்க சொல்லி வெச்சிருக்கறோம். தாளப் பாத்தாலே நாலுதான்."

ஆனால் நெகுலாவுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று யாரும் சொல்லி வைத்திருக்கவில்லை. அங்கே பதில்கள் நன்றாகப் பிரிந்து வந்தன. பெரும்பாலும் சோர்வுப் பக்கம் சாய்ந்து, மகிழ்ச்சியில் ஒன்றும் இரண்டுமாக. நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். பார்த்தீர்களா, நேராகக் கேட்டால் நாலு, பின்வாசலில் போனால் ஒன்று! அன்று பஸ்ஸில் வரும்போது நன்றியுரையில் யார் யார் பெயரை விடுவது என்று யோசித்துக்கொண்டு வந்தேன். சோர்வு எங்கிருந்து வந்தது என்று மட்டும் யோசிக்கவில்லை. அது என் தலைப்பில் இல்லை.

அடுத்த படி, மனநிலை மாறினால் சோதனையும் மாறுகிறதா என்று காட்ட வேண்டும். அதற்கு ஒரு குழுவுக்குச் சோகமான படம், இன்னொரு குழுவுக்குச் சோகமும் இல்லாத சுகமும் இல்லாத படம் காட்டி, உடனே தாளைக் கொடுக்க வேண்டும். சினிமாக் காட்சி போட்டால் காப்புரிமைச் சிக்கல் வரும் என்று நெறியாளர் பயமுறுத்தினார். அப்போதுதான் என் மூளையில் பல்பு எரிந்தது. எங்கள் கல்யாண வீடியோ! என் மனைவி புகுந்த வீட்டுக்குக் கிளம்பும்போது அவள் அம்மாவைக் கட்டிக்கொண்டு நான்கு நிமிடம் அழுகிற காட்சி.

மனைவியிடம் கேட்டேன். அவள் தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டுத்தான் பேசினாள்.

"ஏங்க, நான் அன்னிக்கு அழுதது உங்களுக்கு டேட்டாவா?"

"அறிவியலுக்காக."

"போடுங்க, போடுங்க. அப்படியே நீங்க தாலி கட்டறப்ப முழிச்ச முழியையும் சேத்துப் போடுங்க. ஜனங்க இன்னுங் கொஞ்சம் அழுவாங்க."

வாயை மூடிக்கொண்டு பென்டிரைவில் ஏற்றிக்கொண்டேன். சோகமில்லாத படத்துக்கு, கல்லூரித் தோட்டத்தில் சொட்டு நீர்க் குழாய் பதிக்கும் வீடியோ. அதைப் பார்த்து யாருக்கும் எந்த உணர்ச்சியும் வர வாய்ப்பில்லை.

இந்தத் தடவை படம் காட்டத் திரை வேண்டுமே. வெளிநாட்டு பையர்கள் வந்தால் உட்காரவைக்கும் மீட்டிங் அறையைத் தோழன் திறந்துவிட்டான். ஏசி, நீள மேசை, சுற்றிலும் சக்கரம் வைத்த மெத்தை நாற்காலிகள். அதே முப்பது பெண்கள் பதினைந்து பதினைந்து பேராக வந்தார்கள். முதலில் நாற்காலி நுனியில்தான் உட்கார்ந்தார்கள். பிறகு ஒரு பெண் மெல்லச் சாய்ந்தாள். இன்னொருத்தி நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, நான் பார்த்ததும் காலை ஊன்றி நிறுத்தினாள்.

படம் ஓடியது. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "அந்தப் புள்ள என்னமா அழுகுது பாருக்கா" என்று ஒரு குரல். "பக்கத்துல நிக்கற மாப்பிள்ளை நம்ம சாருங்களா? அப்ப முடி இருந்திருக்குதே!" என்று இன்னொரு குரல். எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்கள். நானும் அசடு வழிய நின்றேன். ஆனாலும் அழுகை அழுகைதான், போதும் என்று தாளைக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து கூட்டிப் பார்த்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அழுத குழுவின் மகிழ்ச்சி முதல் சுற்றைவிடக் கிடுகிடுவென்று ஏறியிருந்தது. சரி, பெண்களுக்கு அழுவதே ஒரு சுகம் என்று ஏதாவது கதை கட்டலாம் என்று அடுத்த குழுவைப் பார்த்தேன். சொட்டு நீர்க் குழாயைப் பார்த்தவர்களும் அதே அளவுக்குப் பூரித்துப்போயிருந்தார்கள். சொட்டு நீர்ப் பாசனத்தைப் பார்த்து இப்படிச் சந்தோஷப்பட்டவர்கள் உலகத்திலேயே இல்லை. என் சோதனைக்குச் சோகமும் தெரியவில்லை, குழாயும் தெரியவில்லை. ஏழு வருடமும் போச்சு, வேலையும் போச்சு என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் தாள்கள் மாறிப்போயிருக்குமோ என்ற நப்பாசையில் கம்பெனிக்குப் போனேன். மதியச் சாப்பாட்டு நேரம். கேன்டீன் சுவர் ஓரமாக, செக்கிங்கில் இருந்த ஓர் அம்மாள் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து முழங்காலுக்குக் கீழே பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். அவிநாசிபாளையத்திலிருந்து கம்பெனி வேனில் வருகிறவர். என்னைப் பார்த்ததும் நேற்றுத் தவறிக் கொண்டுபோன பேனாவை எடுத்து நீட்டினார்.

"ஏனுங்க சார், மொகமெல்லாம் வாடிக் கெடக்குது?"

சொல்லக் கூடாதுதான். சோதனைக்கு வந்தவரிடம் முடிவைச் சொல்வது முறையில்லை. ஆனால் அந்த நேரத்தில் வாட்ச்மேன் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேன். எல்லாவற்றையும் கொட்டினேன். படம் பார்த்து அழுதீர்கள், அப்புறமும் சந்தோஷம் என்று வருகிறது, என் சோதனை தோற்றுப்போயிற்று, ஜூனில் வேலை போகிறது என்று சொல்லும்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் பயந்துபோனார்.

"அட, அழுவாதீங்க கண்ணு. அது உங்க பரீட்சை மேல தப்பில்லீங்க. படத்துனாலயும் இல்ல. சேருனாலதானுங்க."

"எந்த சேர்?"

"காலையில எட்டரைக்கு நிக்க ஆரம்பிச்சா ராத்திரி எட்டரை வரைக்கும் ஒண்ணரை ஷிப்டும் நின்னுட்டேதானுங்க இருக்கறோம். சோத்துக்கும் டீக்கும் மட்டுந்தான் உக்காருவோம். நீங்க அந்த ஏசி ரூமுல, மெத்து மெத்துனு சேருல, இருவது நிமிசம் உக்கார வெச்சீங்க. நீங்க பொணத்தக் காட்டியிருந்தாலும் எங்களுக்குச் சந்தோசந்தானுங்க."

முதல் சுற்றில் முப்பது பேரும் என் எதிரில் நின்றுகொண்டுதான் எழுதினார்கள். அதை நான் பார்த்தேன், ஆனால் மண்டையில் ஏறவில்லை. அந்தச் சோர்வு எங்கிருந்து வந்தது என்பது இப்போதுதான் விளங்கியது. விளங்கியதும் என்ன செய்தேன் தெரியுமா? சந்தோஷத்தில் துள்ளினேன். சோதனை பலிக்கிறது! நாற்காலியைக்கூடப் பிடித்துவிட்டதே! அவர் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார், நான் அவருக்கு இரண்டு கையாலும் கும்பிடு போட்டுவிட்டு நெறியாளருக்குப் போன் செய்ய வெளியே ஓடினேன்.

நெறியாளர் பொறுமையாகக் கேட்டார். "சுவாரசியமாத்தான் இருக்கு. ஆனா உன் தலைப்பு நாற்காலி இல்லையேப்பா" என்றார். "எல்லாரும் எப்பவும் இருக்கற நிலையிலேயே இருந்தா படத்தோட விளைவு தனியாத் தெரியும். திரும்பச் செய். நிக்கவெச்சே செய். உனக்கு மூணு வாரம் இருக்கு."

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பழியை நெறியாளர் மேல் போட்டதாகிவிடும். எல்லோரையும் உட்காரவைத்தும் இதைச் செய்திருக்கலாம். முன்னதாக அரை மணி நேரம் உட்காரவைத்து, உட்கார்ந்த சுகம் கொஞ்சம் அடங்கிய பிறகு படத்தைக் காட்டியிருந்தால் கணக்கு அதே அளவு சுத்தமாக வந்திருக்கும். அது எனக்குத் தெரியும், முதலாண்டு மாணவர்களுக்கு நான் நடத்துகிற பாடமே அதுதான். தோழனிடம் லேசாகத்தான் வாயைத் திறந்தேன். "செக்கிங்ல ஏன்டா சேர் இல்ல?"

"உக்காந்தா கை மெதுவாயிரும்னு மொதலாளி நெனைக்கறாரு. மாப்ள, சேரு கீருன்னு பேசறதா இருந்தா கேட்டுக்கு வெளிய நின்னு பேசிக்க. ரூமும் இனிமே கெடையாது, அடுத்த வாரம் பையர் வர்றான்."

முனைவர் பட்டத்தை எண்ணி, வாய்வரை வந்த வார்த்தையை மென்று விழுங்கிவிட்டேன். பட்டம் கிடைத்துவிட்டது, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த பேராசிரியர், ஆட்கள் நிற்கிறார்களா உட்கார்ந்திருக்கிறார்களா என்பதைக்கூடக் கவனித்துக் கட்டுப்படுத்தியது பாராட்டத்தக்கது என்று தனியாகக் குறிப்பிட்டார். ஜூனில் எனக்கு வேலை போகவில்லை. என் அறைக் கதவில் புதுப் பெயர்ப்பலகை மாட்டினார்கள். மாமனார் ஒரு சாக்குத் தேங்காய் அனுப்பினார்.

ஆனால் எப்போது நினைத்தாலும் முகம் சுண்டுவது அந்தக் கடைசிச் சுற்று நடந்த காலைதான். முதலிரண்டு சுற்றில் இருந்தவர்கள் கூடாது, புது ஆட்கள் முப்பது பேர் வேண்டும் என்று நான் சொல்லி அனுப்பியிருந்தேன். போய்ப் பார்த்தால் மீட்டிங் அறை வாசலில் முப்பது பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். முன்னால் அந்த அவிநாசிபாளையத்து அம்மாள், முகம் நிறையச் சிரிப்பு.

"சார், இந்தத் தடவ ஆளுகள நாங்களே பொறுக்கி வெச்சுட்டமுங்க. ஆரு ஆருக்குக் கால் வலி சாஸ்தியோ அவங்களாப் பாத்துப் பேர் குடுத்திருக்கறோம். தோ, இந்தப் புள்ளைக்கு ஆறு மாசமுங்க. இவளுக்கு நரம்பு சுருட்டிக்கிட்டுக் கெடக்குது, காலைப் பாருங்க. உக்காரட்டுமுங்க சித்த நேரம்."

ஆறு மாதக் கர்ப்பிணி என்னைப் பார்த்துக் கூச்சமாகச் சிரித்தாள். தெற்கத்திப் பெண். "சும்மா இரிங்க மதினி, சார் என்ன நெனைப்பாவ" என்று அந்த அம்மாளை அடக்கினாள்.

என் கையில் லேப்டாப் பையும் தாள் கட்டும். பத்து நாளில் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். அப்போதாவது நான் ஒரு மனுஷனாக நடந்திருக்கலாம். தோழனிடம் சண்டை போட்டு அந்த அறையைத் திறக்கச் சொல்லியிருக்கலாம். வேலையா பெரிது என்று கேட்டிருக்கலாம். எனக்குப் பெரிதாகத்தான் இருந்தது.

"ரூமுல இல்லீங்க," என்றேன். "உங்க மேசையிலயே வெச்சுக்கலாம். நின்னுக்கிட்டேதான் எழுதணும்."

பின்னால் நின்ற இரண்டு பேர் தாமாகவே செக்கிங் பக்கம் திரும்பி நடந்தார்கள். அந்த அம்மாளின் சிரிப்பு மட்டும் போக வழி தெரியாமல் கொஞ்ச நேரம் முகத்திலேயே இருந்தது.

"ஏனுங்க சார்," என்றார் மெதுவாக. "போன தடவ நாங்க ஏதாச்சும் தப்பா எழுதிப்போட்டமுங்களா?"

"இல்லீங்க. சரியாத்தான் எழுதியிருந்தீங்க."

அவர் திட்டியிருந்தால் வாங்கிக்கொண்ட நிம்மதியாவது கிடைத்திருக்கும். "பரவால்லீங்க, நின்னே எழுதட்டுமுங்க, எங்களுக்கென்ன பழக்கந்தானே" என்று சொல்லி எல்லோரையும் மேசைக்குக் கூட்டிப்போனார். துணிக் குவியலை ஒதுக்கி லேப்டாப்புக்கு இடம் பண்ணினார். கர்ப்பிணிப் பெண் ஒரு கையை இடுப்பில் ஊன்றி, ஒரு காலிலிருந்து மறு காலுக்கு எடையை மாற்றிக்கொண்டு திரையைப் பார்த்து நின்றாள்.

அந்தப் பகுதி முழுவதற்கும் ஒரே ஒரு ஸ்டூல்தான் உண்டு, சூப்பர்வைசருடையது. அந்த அம்மாள் போய் அதை எடுத்து வந்தார். கர்ப்பிணிக்காக என்று நினைத்தேன். ஒரு நொடி, எப்படித் தடுப்பது, ஒருத்தி உட்கார்ந்தால் கணக்குக் கெட்டுவிடுமே என்றுதான் என் மனது ஓடியது. அவர் நேராக என்னிடம் வந்து, பக்கத்தில் கிடந்த வெட்டுத்துணியால் ஸ்டூலைத் துடைத்து, என் பின்னால் போட்டார்.

"நீங்க உக்காருங்க சார். உங்களுக்குப் பழக்கமிருக்காது, கால் வலிக்கும்."

முப்பது பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். நான் உட்கார்ந்தேன். உட்கார்ந்து, செல்போனில் ஸ்டாப்வாட்ச்சை அழுத்தினேன்.